பத்துப் பேரும் இருபத்தொரு பேரும்

முன்பின் தெரியாதவர்கள் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள், வெளியேற வழியில்லை, ஒவ்வொருவராகச் சாகிறார்கள் - இந்த வாய்பாட்டை உலகெங்கும் பரப்பிய பிரதி அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவல். 'சும்மா பொழுதுபோக்கு, இதுல போய் என்ன அரசியல்?' என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஒரு பிரதி பிணங்களை எப்படி எண்ணுகிறது என்பதிலேயே அதன் அரசியல் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

டெவன் கரைக்கு அப்பால் ஒரு தீவு. எட்டு விருந்தினர், இரண்டு வேலையாட்கள். அழைத்தவரைக் காணோம். முதல் இரவே ஒரு கிராமபோன் இசைத்தட்டு பத்துப் பேர் மீதும் கொலைக்குற்றம் சாட்டுகிறது; எல்லாம் சட்டம் தொடமுடியாத கொலைகள். இந்தக் குற்றப்பட்டியலைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது: ஜெனிஃபர் பிராடி, எட்வர்ட் சீடன், ஆர்தர் ரிச்மண்ட். வீட்டு வேலைக்காரியான பீட்ரிஸ் டெய்லருக்குக்கூட இருக்கிறது. பிலிப் லம்பார்டின் முறை வரும்போது மட்டும் பெயர் போய் எண் வந்துவிடுகிறது: கிழக்கு ஆப்பிரிக்க இனக்குழு ஒன்றைச் சேர்ந்த 21 பேர். அந்த இனக்குழுவுக்கும் பெயர் கிடையாது.

மற்றவர்களில் பலர் மழுப்புகிறார்கள். லம்பார்டு கூசாமல் ஒப்புக்கொள்கிறான்: காட்டில் வழி தவறியது, இருந்த உணவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். சுதேசிகளுக்குச் சாவு ஐரோப்பியர்களுக்கு மாதிரி பெரிய விஷயமில்லையாம்! செத்தவர்கள் சுதேசிகள்தானே என்று வேராவும் சொல்கிறாள். அதை மறுப்பவள் எமிலி பிரெண்ட் - கர்ப்பமான பீட்ரிஸைத் துரத்தி, ஆற்றில் விழுந்து சாகவிட்ட பக்திமாட்டி. அவள் வாயில் சகோதரத்துவமே கேலிக்கூத்தாகிவிடுகிறது.

லம்பார்டும்தானே தண்டிக்கப்படுகிறான் என்று வாதிடலாம். தண்டிப்பது யார்? நீதிபதி வார்கிரேவ். கொலை செய்யும் ஆசையும் நீதி செய்யும் ஆசையும் அவரிடம் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. அதிகாரம் பற்றி இந்தப் பிரதி சொல்லும் உண்மை இது. அதற்காகவே இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அவர் தராசில் ஒரு வெள்ளைச் சிறுவனுக்கும் ஓர் உயிர், 21 கறுப்பர்களுக்கும் சேர்த்து ஓர் உயிர். 1943இல் கிறிஸ்டியே நாடகமாக்கியபோது அந்த ஓர் உயிரும் தப்பித்தது. லம்பார்டின் மீதான பழி கழுவப்படுகிறது. அவனும் வேராவும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

நாவலின் முதல் பிரிட்டிஷ் பதிப்பின் தலைப்பே கறுப்பர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். 1940இன் அமெரிக்கப் பதிப்பு அதை மாற்றியது; பிரிட்டனில் 1980கள் வரை அது நீடித்தது. தீவின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது: வசைச்சொல் 'இந்திய'னாகி, பிறகு 'சிப்பா'யானது. சொல்லைத் திருத்தியது சரிதான். கணக்கை யாரும் திருத்தவில்லை.

'பிறகு ஒருவரும் மிஞ்சவில்லை' என்கிற இப்போதைய தலைப்பு பத்துப் பேரைத்தான் எண்ணுகிறது. அந்த இருபத்தொரு பேர் கதை தொடங்குமுன்பே மிஞ்சாமல் போனவர்கள்.