எட்டு மார்க் வாங்கிய அட்டை

கூனிமேட்டு வீட்டுப் பரணில் என் பழைய தகர டப்பா கிடைத்தது. உள்ளே, பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள். உப்பளக் காற்று சும்மா விடுமா? முனை மழுங்கி, ஓரம் பழுப்பேறிக் கிடந்தன. அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, ஓரத்தை லேசா வெட்டி விட்டுடலாம். புதுசு மாதிரி ஆயிடும், நல்ல கிரேடு கிடைக்கும்" என்றான். கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அட்டை சேகரிப்பில் இரண்டு கேள்விகள் உண்டு. இது அசலா? அதாவது அந்தக் காலத்தில் அச்சானதுதானா, பிறகு யாராவது கைவைத்தார்களா? இது முதல் கேள்வி. எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 10-க்கு மார்க் போடுவார்கள். பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்து, ஒரே பிளாஸ்டிக் உறையில் ஒரே சீட்டு வைத்துத் தருகின்றன. பொருளை நேரில் பார்க்க முடியாதவருக்கு இது உதவிதான். ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு எண் மட்டுமே தெரிகிறது. என் குறை இதுதான்.

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த டி206 வரிசையில், ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை மிக அரிது. அதில் ஒன்றை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலில் மார்க் போட்ட அட்டை அதுதான். கிடைத்தது 8. ஓரம் வெட்டிய அட்டைக்கு எண்ணே தரக்கூடாது என்பது அவர்கள் விதி. 2013-ல், முன்பு அதை வைத்திருந்து விற்ற பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டியது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அட்டை அசல்தான். பொய் அந்த 8-ல் இருந்தது. முதல் கேள்வியை அரைகுறையாக விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போனால் இப்படித்தான் ஆகும். 2022-ல் வெறும் 2 மார்க் வாங்கிய இன்னொரு வாக்னர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அசல் என்று உறுதியானால், கசங்கினதையும் மதிக்க ஆள் இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம அட்டைக்கு எத்தனை மார்க் வரும் மாமா?" என்றான்.

"ரெண்டு வந்தா பெரிசு. வெட்டினா அதுவும் வராது."

டப்பாவை மூடி அவனிடமே கொடுத்துவிட்டேன்.