தோப்பும்படிப் பாலமும் தேதியற்ற படங்களும்

பழைய நகரப் படங்கள் பெட்டகத்திலிருந்து வெளியே வரும்போதுதான் அவற்றுக்கு உயிர் வருகிறது. 1899 முதல் 1947 வரை இந்தியாவில் எடுக்கப்பட்ட திரைப்படச் சுருள்களைப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2017இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. கொச்சி துறைமுகம் உருவானதும் அதே காலத்தில்தான். 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே மாதம் 'பத்மா' கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணில் எழுந்தது வில்லிங்டன் தீவு.

கொச்சியில் எடுத்த, தேதி எழுதாத படத்துக்கு இந்த வரலாறே சாட்சி. காயலில் தீவு இருக்க வேண்டிய இடத்தில் அதன் கரை தெரியவில்லையென்றால் படம் தீவு எழுவதற்கு முந்தியது. தீவைத் தோப்பும்படியோடு இணைக்கும் பழைய பாலம் தெரிந்தால் அந்தப் பாலம் கட்டியதற்குப் பிந்தியது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி உயரும்படி கட்டிய அழகான பாலம் அது.

சுருளைக் காப்பது எளிதல்ல. நைட்ரேட் படலம் சட்டெனத் தீப்பற்றும், நாளடைவில் பிசுபிசுத்து உதிரும். ஆகவே குளிரறையில் வைத்து, சட்டம் சட்டமாக மின்பிரதி எடுக்கிறார்கள். அதன்பின் வேண்டியது குறிப்பு. அதை எழுத, படகுத்துறையை அடையாளம் காட்டும் மட்டாஞ்சேரிப் பெரியவர்களின் கண்ணைவிட நல்ல துணை வேறில்லை.