‘யாரால்’ என்பதை விட்டுவிடலாமா?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில விடுப்புக் கடிதம் ஒன்றே ஒன்றுதான். ‘ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று ஆரம்பிக்கும். நாற்று நடப் போன நாளுக்கும் அதே கடிதம். சாவு வீட்டுக்கு அப்பாவோடு பறையடிக்கப் போன நாளுக்கும் அதே ஜுரம். நடவுக்குப் போனேன்னு எழுத இங்கிலீஷ் தெரியாமலா? அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் எழுதினா வாத்தியார் எழுப்பி நிறுத்தி வகுப்புக்கே படிச்சுக் காட்டுவார் என்பது நன்றாகத் தெரியும். அந்நிய மொழியில் நான் எழுதிய முதல் வாக்கியமே என் வாழ்க்கையை மறைக்கத்தான் பயன்பட்டது.

பிறகு இலக்கணப் பயிற்சி. 1930களில் வெளிவந்து இன்றுவரை விற்கிற ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம்தான் எங்களுக்கும் வேதம். அதை வைத்துச் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றிக்கொண்டே இருந்தோம். ‘போலீஸ் திருடனைப் பிடித்தது’, ‘திருடன் போலீசால் பிடிக்கப்பட்டான்.’ எந்தச் சேரியில் புகுந்து யாரைப் பிடித்து வந்தார்கள் என்ற கேள்வி பயிற்சியில் கிடையாது. செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், எல்லோருக்கும் தெரிந்தே இருந்தாலும் ‘யாரால்’ என்பதை விட்டுவிடலாம் என்று ஒரு விதி சொல்லித் தந்தார்கள்.

இந்த விதியைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த வாக்கியம் இலக்கணப்படி முழுமையானது. எரித்தவன் மட்டும் இதில் இல்லை. ஊருக்கே தெரிந்தவனைத்தான் வாக்கியம் தப்பவிடுகிறது.

இது வெறும் மொழி விளையாட்டில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். ‘தாக்கப்பட்டேன்’ என்று மட்டும் புகார் எழுதினால் சட்டம் எங்கே நிற்கும்? அடித்தவன் பெயரும் சாதியும் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்.

அப்படியானால் இலக்கணமே ஆதிக்கத்தின் கருவி, தூக்கியெறி என்கிறார்கள் சில தோழர்கள். வீட்டிலேயே இங்கிலீஷ் புழங்குகிறவர்களுக்கு அது சுலபம். நமக்குக் கட்டுப்படியாகாது. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் சில பகுதிகளை நீக்கும்படி கூட்டியவர்கள் கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நின்றுபோனது. உரையைத் தன் செலவில் அச்சிட்டார். காற்புள்ளி எங்கே வரும் என்று தெரிந்தவர்தான் அதை மாற்றமாட்டேன் என்று சொல்ல முடியும்.

இப்போது சேரி இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். தினம் ஐந்து வரி இங்கிலீஷில் எழுதணும், அன்றைக்கு நடந்ததை. ஒரு பெண் எழுதி வந்தாள்: ‘மை மதர் க்ளீன் த ஸ்கூல் டாய்லெட். ஷீ கெட் நோ க்ளவுஸ்.’ இரண்டு வினையிலும் ‘எஸ்’ விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன். ‘கையுறை தராதது யாரு? அதையும் எழுது’ என்றேன். பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ‘எழுதினா அம்மா வேலை போயிடுமே சார்?’ என்றாள்.

இந்தக் கேள்விக்கு எந்த இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் விடை இல்லை. நாம்தான் சேர்ந்து எழுத வேண்டும்.