கடைசி மணிக்குப் பிறகு

அமெரிக்கப் பள்ளிக்கூடக் கதைகளை நம் பெண்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். முதுகலை வகுப்பில் பெண் எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தை உதாரணம் காட்டுவாள். இன்னொருத்தி ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தேவியைத் தன் விடுதித் தோழியைப் போலப் பேசுவாள். சீருடை இல்லை, பையனோடு நின்று பேசினால் வீட்டுக்குத் தகவல் போவதில்லை, மைதானம் பெண்களுக்கும் திறந்திருக்கிறது. அவர்களுடைய ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கையில் என் கண் வேறொன்றில் நிற்கிறது. அங்கே ஒரு பெண்ணை வகுப்பறை மட்டும் அளப்பதில்லை. பிற்பகலில் கடைசி மணி அடித்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதும் அளக்கப்படுகிறது. விளையாட்டு, விவாதக் குழு, இசைக்குழு, நாடகம், கணிதப் போட்டி, சமூக சேவை எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. அந்த நேரம் யாருடையது என்ற கேள்வியோடு மூன்று பிரதிகளை வாசிக்கலாம்.

முதலில் அந்த மைதானம் திறந்த கதை. 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ என்ற சட்டப்பிரிவு, அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது. இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் பாட்ஸி மிங்க். ஹவாயைச் சேர்ந்த, ஜப்பானிய வம்சாவளிப் பெண். மருத்துவம் படிக்க விரும்பிய அவரைப் பெண் என்பதாலேயே கல்லூரிகள் நிராகரித்திருந்தன. 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் கலந்துகொண்ட மாணவிகள் ஏறத்தாழ 2,94,000 பேர். மாணவர்கள் 36 லட்சத்துக்கும் மேல். 2018-19இல் மாணவிகளின் எண்ணிக்கை 34 லட்சமாகிவிட்டது. பெரிய பாய்ச்சல்தான். ஆனாலும் 1971இல் பையன்கள் நின்ற இடத்தை, கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஓடிய பிறகும் பெண்கள் எட்டவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2000இல் வந்த ‘பிரிங் இட் ஆன்’ படத்தை நம்மில் பலர் வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுவோம். குட்டைப் பாவாடை, துள்ளல், கூச்சல். ஆனால் சியர்லீடிங்கின் வரலாறே ஒரு பெண்ணியப் பாடம். 1898இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அது ஆண்களின் வேலையாகத் தொடங்கியது. 1920களில் பெண்கள் நுழைந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபோது அவர்கள் பெரும்பான்மையானார்கள். ஆண்கள் செய்தவரை அது தலைமைப் பண்பு. பெண்கள் கைக்கு வந்ததும் அலங்காரம். 2010இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், குவினிபியாக் பல்கலைக்கழக வழக்கில், போட்டிச் சியர்லீடிங்கை டைட்டில் நைன் கணக்குக்கு விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. அதில் ஒரு நியாயமும் உண்டு: அந்தப் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைக்க முடிவுசெய்து, சியர்லீடிங்கைக் காட்டிக் கணக்கை நேர்செய்யப் பார்த்தது. வீரருக்காகக் கத்துவதையே பெண்ணின் வீரமாக எழுதிக்கொள்ளும் தந்திரம் அது.

படத்தில் சான்டியாகோ புறநகர்ப் பள்ளியின் கால்பந்து அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. தேசியப் பட்டங்களை வென்று வருவது சியர்லீடிங் அணிதான். இந்தத் தலைகீழ் வேடிக்கையாக இருக்கிறது. உண்மையான அடி பிறகு விழுகிறது: அந்த வெற்றி நடனங்களெல்லாம் கிழக்கு காம்ப்டன் பள்ளியின் கறுப்பினப் பெண்களிடமிருந்து திருடப்பட்டவை. தேசியப் போட்டிக்குப் போகப் பணமில்லாததால் அவர்களுடைய கலையை உலகம் பார்க்கவே இல்லை. புறநகர் நாயகி டொரன்ஸ், தன் அப்பாவின் நிறுவனத்திடம் காசோலை வாங்கிக்கொண்டு போகிறாள். காம்ப்டன் அணித் தலைவி ஐசிஸ் அதை ஏற்க மறுக்கிறாள். தங்கள் அணி தானே பணம் திரட்டி வந்து முதலிடம் பெறுகிறது.

எனக்கு இந்த மறுப்பு முக்கியம். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் வருமானத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறிய புறநகரில் நீச்சல் குளம், அரங்கம், இசைக்கருவிகள் இருக்கும். விலை இறங்கிய பகுதியில் கூரை ஒழுகும். இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 1973இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டைட்டில் நைன் பெண்ணுக்கு மைதானக் கதவைத் திறந்தது; எந்த வட்டாரத்தில் மைதானம் இருக்கும் என்பதை அது தொடவில்லை. ‘பெண்கள்’ என்று ஒரே சொல்லில் நாம் பேசும்போதெல்லாம் டொரன்ஸும் ஐசிஸும் நினைவுக்கு வரட்டும்.

2004இல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’ பெண்களுக்குள் நடக்கும் கொடுமைகளைப் பற்றிய படம் என்றே அறியப்படுகிறது. நான் அதை ஒரு பெண் தன் அறிவை ஒளித்துவைக்கும் கதையாக வாசிக்கிறேன். கேடி கணக்கில் கெட்டிக்காரி. பிடித்த பையனிடம் உதவி கேட்கச் சாக்கு வேண்டுமென்று வேண்டுமென்றே தப்பாகப் போட்டுத் தோற்கிறாள். கணிதக் குழுவில் சேராதே, அது சமூகத் தற்கொலை என்று நண்பன் எச்சரிக்கிறான். அந்தக் குழுவின் தலைவன் கெவினாக நடித்த ராஜிவ் சுரேந்திரா ஈழத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை என்பதில் நமக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் கவனியுங்கள்: பையனுக்குக் கணக்கு ஒரு கேலியோடு முடிந்துவிடுகிறது. பெண்ணுக்குத் தான் விரும்பப்படுவோமா என்பதே பணயமாகிறது.

இறுதிப் போட்டிக் காட்சிதான் படத்தின் உச்சம். ஆட்டம் சமனாகும்போது எதிரணியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. இரண்டு அணிகளுமே மறு அணியின் பெண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. பெண் என்றால் பலவீனம் என்பதில் பகைவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை! எதிரே நிற்கும் பெண்ணின் தோற்றத்தைக் கேடி மனதுக்குள் கேலி செய்கிறாள். பிறகு, அந்தக் கேலியால் அவளுடைய கணக்கைத் தடுக்க முடியாது என்று உணர்கிறாள். பெண் பெண்ணை உடலால் அளக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது, எங்கே உடைகிறது என்பதை இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறது.

2020 முதல் 2023 வரை வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் அந்தப் பிற்பகல் முழுக்கவே ஒரு விண்ணப்பமாக மாறிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஷெர்மன் ஓக்ஸில் வளரும் தமிழ்ப் பெண் தேவி. கனவு பிரின்ஸ்டன். பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போது அப்பா மாரடைப்பில் சாய்கிறார். பின்பு கல்லூரி ஆலோசகர் ஒருவருக்கு இந்த மரணம், விண்ணப்பக் கட்டுரைக்கு வாய்த்த நல்ல விஷயமாகத் தெரிகிறது. மதிப்பெண் மட்டுமிருந்தால் நீ இன்னொரு இந்தியப் பெண். துக்கம் இருந்தால் நீ தனித்துவமானவள். சிரித்துக்கொண்டே பார்க்க வைக்கும் தொடரில் என்னை நிறுத்திய இடம் இது. அழுது தீர்க்காத துயரத்தை ஒரு பெண் விலைக்குத் தகுந்தபடி எழுதித் தர வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவை ‘குணநலன்’, தலைமைப் பண்பு, படிப்புக்கு வெளியேயான ஈடுபாடு என்று அளவுகோல்களை விரித்ததற்கு முக்கியக் காரணம், தேர்வில் முந்திக்கொண்டிருந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. நூறு ஆண்டு கழித்து, 2023இல் தீர்ப்பான ஹார்வர்ட் வழக்கில், ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு ‘ஆளுமை’ மதிப்பெண் சராசரியாகக் குறைவாகவே போடப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வழக்கு, கறுப்பின மாணவர்களுக்குக் கைகொடுத்த இனவழிச் சேர்க்கை முறையை ஒழிப்பதற்குப் பயன்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. ‘முழு மனிதரைப் பார்க்கிறோம்’ என்ற சொல்லுக்குள் யார் முழு மனிதர் என்ற தீர்மானமும் ஒளிந்திருக்கிறது.

இந்த மூன்று பிரதிகளும் காட்டாத ஒருத்தி உண்டு. கடைசி மணி அடித்ததும் பேருந்தைப் பிடித்து ஓடுகிறவள்; தம்பியைக் கூட்டிவந்து சோறு போட வேண்டியவள், பாட்டிக்கு மருந்து கொடுக்க வேண்டியவள், கடையில் மாலை வேலைக்கு நிற்பவள். ஒத்திகைக்கும் பயிற்சிக்கும் தங்க அவளுக்கு நேரமில்லை. பல கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளை எழுதலாம். ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள். அதில் ‘குடும்பப் பொறுப்புகள்’ என்பதும் இன்று ஒரு வகையாகச் சேர்ந்திருக்கிறது. பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 150 எழுத்து எவ்வளவு என்று கவிதை எழுதுகிற எனக்குத் தெரியும். அதில் ஒரு மாலையைச் சொல்லலாம், நான்கு வருடத்தைச் சொல்ல முடியாது. அந்த வரி வந்ததால் அவளுக்கு மைதானத்தில் நிற்க ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவும் இல்லை.

நம் மாணவிகள் இந்தப் பிரதிகளைப் பார்க்கட்டும், ரசிக்கட்டும். தேவியின் கோபமும், கேடியின் கணக்கும், ஐசிஸின் மறுப்பும் அவர்களுக்கு வேண்டும். பெண்ணின் விடுதலை அவள் கலந்துகொண்ட போட்டிகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கட்டும். எந்தப் பட்டியலிலும் ஏற்றத் தேவையில்லாத ஒரு மாலை நேரம் அவளுக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி. சும்மா இருக்க, பாட, தோழியோடு சுற்ற, யாருக்கும் காட்டாமல் எழுத. அதை டைட்டில் நைனும் கேட்கவில்லை, பிரின்ஸ்டனும் கேட்கவில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.