கிட்டங்கியில் தோழமை

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் நூலாக வந்தது. அதைக் காதற் கதையென்பார் சிலர். யுத்தக் கதையென்பார் வேறு சிலர். தோட்டத்து ஆபீஸில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கோ அது உத்தியோகக் கதையாகவே படுகிறது.

பினாங்கின் வட்டிக்கடையே கதையின் களம். அக்காலத்துக் கிட்டங்கி வெறும் ஆபீஸன்று. நீண்டதொரு கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று படிவரிசையும் உண்டு. பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரிக்க வேண்டும். மூன்றாண்டுக் கணக்கு முடியுமட்டும் ஊர்முகம் காண இயலாது. காலையில் வசவு வாங்கியவன் மாலையில் அதைச் சொல்லியாற்ற வேறு மனிதரைத் தேடி எங்கே போவான்?

கதாநாயகன் செல்லையா இந்திய தேசிய ராணுவத்திலிருந்து மீண்டு வருகிறான். பட்டாளத்துக்குப் போனவன் இனி வட்டித் தொழிலுக்கு உதவான் என்று கருதும் முதலாளி, தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். அவனுக்குத் தோள்கொடுப்பவன் மாணிக்கம். அவனோ பட்டாளத்துத் தோழன். துப்பாக்கியின் முன்னே வளர்ந்த இத்தோழமை பேரேட்டின் முன்னே ஏன் வளரவில்லை? இதுவே நம் கேள்வி.

விடை கூடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொருவனுடைய உயர்வும் மேலேயுள்ளவரின் தயவில் தொங்கியது. ஆகவே பக்கத்துப் பாயில் படுப்பவன் தோழனாவதற்கு முன் போட்டியாளனாகிவிடுகிறான். 1979-இல் ராபர்ட் கராசெக் என்னும் அறிஞர், சுமை மிகுந்து சுயாதிகாரம் குறைந்த வேலையே மனவுளைச்சல் தருவது என்றார். 1988-இல் ஜான்சன், ஹால் என்னும் இருவர் உடன் உழைப்போரின் ஆதரவையும் அக்கணக்கில் சேர்த்தனர். இம்மூன்று குறைகளும் ஒருங்கே கூடிய இடம் கிட்டங்கி.

தோட்டத்திலும் இதைக் காணலாம். மானேஜரிடம் வாங்கிய ஏச்சைப் பெரிய கிராணி சின்னக் கிராணிமேல் இறக்குவார். அவர் தண்டல்மேல் இறக்குவார். தண்டலுக்குக் கீழே இருப்போரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

நிற்க. சிங்காரம் 1938-இல் தாமே மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றவர். அப்படிவரிசையை அணுஅணுவாய் அறிந்தவர். ஆயினும் முடிவில் செல்லையாவுக்கு அவர் அளிப்பது மனத்தை அடக்கும் ஞானமே. அந்த ஞானம் முதலாளிக்குச் செலவில்லாத மருந்து. நோய் செல்லையாவின் மனத்தில் பிறந்ததன்று. கடையின் ஒழுங்கிலே பிறந்தது. அவ்வொழுங்கை இவ்வளவு துல்லியமாய்த் தீட்டிய பேனா, அதனிடம் நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் தயங்கி நின்றுவிட்டது என்பதே நம் குறை.