'ஜப்பானைப் பார்': எடைமேடையும் தண்டவாளமும்

1

தமிழில் 'ஜப்பான்' என்ற சொல் ஓர் அதட்டலாகவே புழங்கி வந்திருக்கிறது. 'ஜப்பான்காரனப் பாரு, குண்டு விழுந்த மண்ணுலேர்ந்து எழுந்து நின்னுட்டான், நீயும் இருக்கியே' என்று வாத்தியார் மாணவனிடமும், மேலதிகாரி தொழிலாளியிடமும், மேடைப் பேச்சாளர் ஒட்டுமொத்தத் தமிழனிடமும் சொல்லி வந்திருக்கிறார்கள். ஜப்பானில் வேலைநிறுத்தம் என்றால் கூடுதலாக உற்பத்தி செய்து முதலாளியைத் திணறடிப்பார்களாம். இந்தக் கதையைக் கேட்காத தொழிற்சங்கத் தோழர் இருக்க முடியாது. 1960இல் மித்சுயி நிறுவனத்தின் மீகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடியாளின் கத்திக்கு ஒரு தொழிலாளி பலியானார். நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளியிடம் இதை யாரும் சொல்வதில்லை.

இந்த அதட்டலுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1905 மே மாதம் சூஷிமா நீரிணையில் ஜப்பான் ரஷ்யக் கப்பற்படையை முறியடித்தபோது 'ஆசியா விழித்துக்கொண்டது' என்று இங்கே படித்த வர்க்கம் பூரித்தது. அந்தச் செய்திகள் சிறுவனான தன்னைக் கிளர்த்தியதை நேரு தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். 1953இல் 'ஜப்பான் முறை' நெல் சாகுபடியை அரசே பிரச்சாரம் செய்தது. கயிறு பிடித்து வரிசை நடவு போட்ட வகையில் அந்தப் பெயர் கிராமத்துக்குள்ளும் நுழைந்தது. பிறகு சினிமா. 'உலகம் சுற்றும் வாலிபன்' ஒசாகா கண்காட்சியையும், 'ஜப்பானில் கல்யாணராமன்' சுகுபா கண்காட்சியையும் காட்டின. தமிழ்த் திரையில் ஜப்பான் என்பது ஒரு பொருட்காட்சித் திடல்.

இந்தச் சொல்லாடலில் ஜப்பானிய விவசாயி இல்லை, கொரியர் இல்லை, தைவானியர் இல்லை. கூர்ந்து பார்த்தால் நாமும் இல்லை. 'நல்ல நவீனமயமாக்கம்' ஒன்று 1868 முதல் நடந்தது, 'கெட்ட ராணுவவாதம்' ஒன்று 1930களில் வந்து அதைக் கெடுத்துவிட்டது என்று கதையை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். இந்த வெட்டு செல்லாது என்பதே என் வாதம்.

2

1853இல் அமெரிக்காவின் கறுப்புக் கப்பல்கள் வந்து நின்றன. 1858இல் சமமற்ற ஒப்பந்தங்கள் திணிக்கப்பட்டன. 1868இல் மெய்ஜி அரசு வந்தது. 'வளமான நாடு, வலுவான ராணுவம்' என்பது அதன் முழக்கம். இது இரண்டு இலக்குகளைச் சொல்லும் முழக்கமல்ல, ஒரே இலக்கின் இரு பெயர்கள். கட்டாயக் கல்வி ஆணை 1872, கட்டாய ராணுவ சேவை 1873, நிலவரிச் சீர்திருத்தம் 1873. மூன்றையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

நிலத்தின் மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்டு என்றது புதிய வரி. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டியாக வேண்டும். கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1877இல் 2.5 ஆகக் குறைத்தார்கள். கட்ட முடியாதவன் நிலத்தை இழந்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் குத்தகையில் இருந்தது. ரயத்துவாரிக் கந்தாயம் கட்டிய தென்னாற்காட்டுக் குடியானவனுக்கு இதெல்லாம் புதுச் சங்கதியாகவே பட்டிருக்காது. வித்தியாசம் ஒன்றுண்டு. நம் வரி லண்டனுக்குப் போனது, அவர்கள் வரி அவர்கள் ஊர் ஆலைக்கும் பீரங்கிக்கும் போனது. நம் தேசியவாதிகள் இந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்து மயங்கினார்கள். கட்டுகிறவன் பக்கமிருந்து பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

பட்டு இன்னொரு கணக்கு. எந்திரமும் போர்க்கப்பலும் வாங்க அந்நியச் செலாவணி ஈட்டித் தந்ததில் முதலிடம் பட்டு நூலுக்கு. அதை நூற்றவர்கள் ஏழை விவசாயிகளின் மகள்கள். அப்பனிடம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, விடுதியில் அடைத்து, காசநோயோடு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொங்கு மண்டல நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உள்ளூரில் இப்படிப் பிழிந்ததும் போதவில்லை. 1876இல் ஜப்பான் தன் கப்பல்களைக் கொரியாவின் வாசலில் நிறுத்தி, தன்மேல் திணிக்கப்பட்ட அதே மாதிரியான சமமற்ற ஒப்பந்தத்தைக் கொரியாமேல் திணித்தது. கறுப்புக் கப்பல் வந்து 23 வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது 1930களின் ராணுவத் தளபதிகள் பிறந்திருக்கவில்லை, பிறந்தவர்களும் குழந்தைகள். 1895இல் சீனாவைத் தோற்கடித்து தைவானையும் 20 கோடி டேல் வெள்ளி நட்டஈட்டையும் வாங்கினார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி ராணுவ விரிவாக்கத்துக்குப் போனது. தங்க நாணய முறைக்கு மாறவும், 1901இல் உற்பத்தியைத் தொடங்கிய யவாத்தா எஃகு ஆலைக்கும் அதுவே உதவியது. ஆக, பேரரசு என்பது நவீனமயமாக்கத்துக்குப் பிறகு வந்த நோயன்று. அதன் வரவு செலவுக் கணக்கிலேயே எழுதப்பட்ட வரவு.

சாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் பதனிடுதல், பிணம் அகற்றுதல் போன்ற வேலைகளுக்காக ஒதுக்கப்பட்ட மக்களை (இன்று புராக்குமின் எனப்படுவோர்) 1871இல் ஓர் ஆணையால் 'சமம்' என்று அறிவித்தது மெய்ஜி அரசு. 1873இல் கட்டாய ராணுவ சேவையை எதிர்த்துக் கிளம்பிய குடியானவர்கள் மிமாசாக்கா பகுதியில் இந்த மக்களின் குடியிருப்புகளைத் தாக்கிக் கொளுத்தினார்கள். 1922இல் அவர்கள் தாங்களே 'சுயிஹெய்ஷா' என்ற அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது. 1975இல்கூட, வேலைக்கு வருகிறவன் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவன் என்று கண்டுபிடிக்க ஜப்பானிய நிறுவனங்கள் ரகசிய ஊர்ப்பட்டியல் வாங்கி வைத்திருந்தது அம்பலமானது. தொழில் வளர்ந்தால் சாதி தானாகப் போய்விடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

3

அண்ணாகிராமம் ஒன்றியத்துக் கரும்புக்காரர்களுக்குத் தைவான் கதை சட்டென்று பிடிபடும். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. பதிவு, வெட்டு உத்தரவு, எடைமேடை, சர்க்கரைக் கட்டுமானம், நிலுவை ஆகிய சொற்களை இங்கே யாரும் அகராதியில் தேட வேண்டியதில்லை.

ஜப்பான் தைவானைப் பிடித்ததும் சர்க்கரையில் இறங்கியது. 1900இல் மித்சுயி முதலீட்டோடு தைவான் சர்க்கரைக் கம்பெனி தொடங்கப்பட்டது. தீவு ஆலைவாரியாக எல்லைபோட்டுப் பிரிக்கப்பட்டது. இந்த எல்லைக்குள் விளைந்த கரும்பு இந்த ஆலைக்குத்தான். விலையை ஆலை சொல்லும், எடையையும் ஆலையே போடும். கம்பெனி எடைபோடக் கரும்பு பயிரிடுகிறவன்தான் முட்டாள்களில் முதல் முட்டாள் என்று தைவானில் ஒரு சொலவடையே உண்டு. 1925இல் எர்லின் என்ற ஊரில், விலையைச் சொல்லாமல் கரும்பை வெட்டாதே என்று விவசாயிகள் மறித்தார்கள். போலீஸ் வந்தது, கைது நடந்தது, வழக்கு நடந்தது.

அரிசியிலும் இதே கதைதான். 1918இல் ஜப்பானிய நகரங்களில் அரிசிக் கலவரம் வெடித்தது. அதற்கு மருந்தாக, கொரியாவிலும் தைவானிலும் ஏற்றுமதிக்கு நெல் விளைவிக்கும் திட்டங்கள் தீட்டப்பட்டன. கொரியக் குடியானவன் தான் விளைவித்த அரிசியைக் கப்பலேற்றிவிட்டுத் தினை சாப்பிட்டான். தாய்நாட்டுத் தொழிலாளியின் கோபத்தைக் காலனி விவசாயியின் வயிற்றில் இறக்கிவைப்பது பேரரசின் எளிய சூத்திரம்.

4

'இருக்கட்டும், வெள்ளைக்காரனை எதிர்த்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. 1905 ஆகஸ்டில் பிரிட்டனும் ஜப்பானும் தங்கள் கூட்டணி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தன. கொரியாவில் ஜப்பானின் மேலாண்மையை பிரிட்டன் ஏற்றது. இந்திய எல்லையைக் காக்க பிரிட்டனுக்குள்ள உரிமையை ஜப்பான் ஏற்றது. அதாவது நம் ஆட்கள் சூஷிமா வெற்றியைக் கொண்டாடி மூன்று மாதம் ஆவதற்குள், அந்த வீரன் நம் எஜமானோடு உட்கார்ந்து பாகம் பிரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது அதை ஒடுக்க பிரிட்டிஷாருக்குத் துணையாக ஜப்பானியக் கடற்படையினரும் கரையிறங்கினார்கள்.

'ஆசியா' என்ற சொல் அந்தப் பேரரசின் கையில் ஒரு கருவியாக இருந்தது. அதைச் சிலர் அப்போதே கண்டுகொண்டார்கள். 1916இல் ஜப்பானுக்கே போய் அந்நாட்டின் தேசியவாதத்தைக் கண்டித்துப் பேசினார் தாகூர். கைதட்டியவர்கள் குறைவு.

5

இனி நம் வீட்டுக் கணக்கு. தென்னாற்காடு, வடாற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள்கட்டிக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் நிலமற்ற பிற சாதியினரும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. தோட்டம் நின்றது, கூலி நின்றது, வாழைமரப் படம் போட்ட நோட்டு வந்தது. அப்புறம் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். முதலில் ஆசை காட்டி, பிறகு லாரியில் அள்ளிக்கொண்டு.

415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதை ஏறத்தாழ ஒரே வருஷத்தில் போடப்பட்டது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் சுமார் 12,000. ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம், இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. கைதிகளிடம் மருத்துவர்களும் அதிகாரிகளும் பெயர் எழுதிவைக்கும் பழக்கமும் இருந்தன. கூலிக்கு இவை எதுவும் கிடையாது.

1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளத்தின் இரு முனைகளும் சேர்ந்தன. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசைப் பிரகடனம் செய்தார். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தமிழ் வரலாற்று எழுத்துக்கு இன்னும் கை வரவில்லை. ஐ.என்.ஏ.வைக் கொச்சைப்படுத்த நான் வரவில்லை. தோட்டத்துப் பெண் ராணி ஜான்சி படையில் துப்பாக்கி ஏந்தியபோது, தோட்டத் துரைக்கு முன் குனிந்த முதுகு முதன்முறையாக நிமிர்ந்தது. ஆனால் ஒன்றை நினைவுச்சின்னமாக்கி இன்னொன்றை மண்ணில் புதைத்ததில் ஒரு தேர்வு இருக்கிறது. தேசத்துக்காக இறந்தவன் தியாகி. தண்டவாளத்துக்காக இறந்தவன் வெறும் கூலி. யாருடைய சாவு வரலாறாகும் என்பதை இங்கே தீர்மானிப்பது எது என்று இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இலக்கியம் கொஞ்சம் நியாயம் செய்திருக்கிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைக் களமாகக் கொண்டது. ஆனால் அது பெரும்பாலும் வணிகர்களும் படைவீரர்களும் நடமாடும் உலகம். ரயில்பாதைக் கூலியை எழுத மலேசியத் தமிழர்கள்தான் வர வேண்டியிருந்தது: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. இந்த நாவல்களைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? இதே ரயில்பாதையை வைத்து 1957இல் வந்த ஹாலிவுட் படம் 'குவாய் நதிப் பாலம்' இலங்கையின் கித்துல்கலவில்தான் எடுக்கப்பட்டது. தமிழர் வாழும் தீவில் எடுத்த படத்தில் தமிழ்க் கூலியின் கதை இல்லை.

6

ஜப்பான் நமக்குப் பகை நாடு என்று சொல்வதல்ல இதன் சாரம். சென்னை மெட்ரோ ஜப்பானியக் கடனில் ஓடுகிறது, ஓடட்டும். வளர்ச்சி என்ற பெருங்கதையாடலை எந்த உயரத்திலிருந்து வாசிக்கிறோம் என்பதே கேள்வி. மேலிருந்து பார்த்தால் எஃகு ஆலை தெரியும், கப்பல் தெரியும், ரயில் தெரியும். எடைமேடைக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தால் ஒக்கயாவின் பட்டாலைப் பெண்ணும் எர்லினின் கரும்புக்காரனும் காஞ்சனபுரிக் காட்டில் செத்த தென்னாற்காட்டானும் ஒரே வரிசையில் நிற்பது தெரியும். நாளைக்கு யாராவது சீனாவைப் பார், கொரியாவைப் பார் என்று ஆரம்பிக்கும்போதும் இந்த வரிசையைத்தான் கேட்க வேண்டும்.

செய்யக்கூடிய ஒரு வேலை மிச்சமிருக்கிறது. காஞ்சனபுரியில் கூட்டணிப் படையினரின் கல்லறைகளில் பெயரும் வயதும் பொறித்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்துச் சேரிகளிலும் ஊர்களிலும், மலேயா போன தாத்தா, கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய பேச்சு இன்னும் சில வீடுகளில் மிஞ்சியிருக்கலாம். 1942க்கு அப்புறம் கடிதம் வராமல் போனவர்கள் யார் யார் என்று அந்த வீடுகளில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். பெயர், ஊர், போன வருஷம், தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதுவும். சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.