ஆங்கிலப் பேச்சில் அசைச்சொல்லும் மூவிடப்பெயரும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் மொழியியல் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாக ஜவுளி வியாபாரம் செய்கிறவன். கடையைச் சாத்திவிட்டு வந்தபின் இராத்திரியில் படித்ததுதான் என் படிப்பு. பவணந்தி முனிவர் எங்கள் சமயத்தவர் என்ற பாசத்தில் நன்னூலைத் தொட்டேன்; அது தொல்காப்பியத்தில் கொண்டுபோய் விட்டது. ஆங்கிலப் பேச்சைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாமல் போனதால் நான் பட்ட நஷ்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வட இங்கிலாந்திலிருந்து ஒரு வியாபாரி ஏழு ஆண்டுகள் என்னிடம் கைத்தறித் திரைத்துணி வாங்கிவந்தார். முகம் பார்த்ததில்லை, எல்லாம் தொலைபேசியும் ஃபேக்ஸும்தான். ஆனாலும் பழக்கம் நல்ல பழக்கம். 1996-இல் ஒரு நாள் பேசும்போது, ‘யூ ரஷ் த டையிங், யூ நோ, அண்டு யூ கெட் பேட்ச்சஸ்’ என்றார். என் காதில் விழுந்தது என்ன? ‘நீ சாயம் போடுவதில் அவசரப்படுகிறாய், அது உனக்கே தெரியும், துணி திட்டுத்திட்டாக வருகிறது’ என்று. குற்றம் சாட்டியதோடு, தெரிந்தே செய்கிறாய் என்றும் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மாலையே, எங்கள் சரக்கில் குறை கிடையாது, நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்று ஃபேக்ஸ் அனுப்பினேன். அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில், சதம் அடித்துவிட்டு வந்த ஓர் ஆங்கில மட்டையாளரைப் பேட்டி கண்டார்கள். அவர் தம் ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறார். ஆனால் ‘ஐ’ என்ற சொல்லே வரவில்லை. ‘யூ கோ அவுட் தேர், யூ நோ, யூ வாட்ச் த பால்’ என்கிற பாணியிலேயே பேச்சு ஓடியது. மைக்கைப் பிடித்திருந்தவரா போய் ஆடினார்? எனக்குச் சுருக்கென்றது. என் வியாபாரியும் அன்றைக்கு, சின்ன வயதில் சாயப்பட்டறையில் தாம் வேலை பார்த்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ‘யூ’ நான் அல்ல; அவர்தான். இல்லையென்றால், சாயம் போடுகிற எவரும். நடுவில் வந்த ‘யூ நோ’ குற்றச்சாட்டு அல்ல. ‘கேளுங்க’ என்பது போல என்னைப் பக்கத்தில் இழுத்த சொல்.

இங்கேதான் நம் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. தொல்காப்பியர் இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது அசைநிலை என்று ஒரு வகை வைத்தார். தனக்கென்று தனிப்பொருள் இல்லாமல் சொல்லோடு சார்ந்து நிற்பது அது. அதிலும் கேட்பவரை நோக்கிய பேச்சில் வருவனவற்றை, மியா, மோ, மதி முதலியவற்றை, முன்னிலை அசை என்று தனியே பிரித்தார். பொருள் இல்லாத சொல்லுக்கும் இடம் உண்டு, எதிரே இருப்பவரோடு உறவு உண்டு என்று கண்ட நுட்பத்தைப் பாருங்கள். ‘யூ நோ’, ‘யூ ஸீ’ இரண்டும் ஆங்கிலத்தின் முன்னிலை அசைகள் என்பது என் கருத்து. ‘ஐ மீன்’, ‘ஐ திங்க்’ என்பவற்றைத் தன்மை அசைகள் என்று சொல்லிவிடலாம். நம் அசைகளில் இடம் மறைந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் மூவிடப்பெயரே வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். பெயரைக் கண்டதும், அது ஆளைச் சுட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

பேச்சு ஆங்கிலம் கற்றுத்தரும் நூல்கள் சிலவற்றை இந்தக் கண்ணோடு மறுபடி புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே உபதேசம்: இவை வெற்றுச் சொற்கள், தவிர்த்துவிடுங்கள், தன்னம்பிக்கை இல்லாதவர் பேச்சு. மேடைப் பேச்சுக்கு இது சரி. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் பேச்சுக்கு? அந்த நூல்களின் உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கேட்பவன் கேட்கிறான், சொல்பவன் சொல்கிறான். சரக்குப் பட்டியலை வாசிப்பது போல இருக்கிறது. தவிர்க்கச் சொன்னதைவிடப் பெரிய குறை, பிறர் சொன்னால் எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒரு வரியும் இல்லாதது. நமக்கு வேண்டியதோ அதுதான்.

கடை அனுபவத்தில் சொல்கிறேன். விலையைச் சொன்னதும் எதிர்முனையில் ‘வெல்...’ என்று இழுத்தால், நேரான சம்மதம் வரப்போவதில்லை என்று பொருள். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்றால் அவருக்குப் பயம் ஒன்றும் இல்லை. மறுப்பை மெத்தையில் சுற்றித் தருகிறார். ‘ஐ மீன்’ வந்தால், சொன்னதைத் திருத்தப்போகிறார். முதலில் சொன்ன கணக்கை எழுதிக்கொள்ளாதீர்கள். ‘யூ நோ’ என்பவர், உங்களுக்கும் தெரிந்ததுதான் என்ற பாவனையில் பேசுகிறார். ‘யூ ஸீ’ என்பவர், உங்களுக்குத் தெரியாததை விளக்குகிற பாவனையில் பேசுகிறார். நம்மவர் சிலர் மூச்சுக்கு மூச்சு ‘யூ ஸீ’ போடுவது, கேட்பவருக்கு வாத்தியார் பாடம் நடத்துவது போலப் படும். இவற்றுக்கு அகராதிப் பொருள் இல்லை என்பது வேறு. பயனே இல்லை என்பது வேறு.

அறிஞர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். டெபோரா ஷிஃப்ரின் 1987-இல் வெளியிட்ட ‘டிஸ்கோர்ஸ் மார்க்கர்ஸ்’ என்ற நூல், ஃபிலடெல்ஃபியா மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, ‘வெல்’, ‘ஸோ’, ‘யூ நோ’, ‘ஐ மீன்’ உட்படப் பதினொன்றை ஆராய்ந்தது. 2002-இல் ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ‘அ’ என்று இழுப்பது சிறிய தாமதத்தையும், ‘அம்’ என்று இழுப்பது பெரிய தாமதத்தையும் முன்கூட்டி அறிவிக்கிறது, ஆகவே அவையும் ஆங்கிலச் சொற்களே என்றார்கள். முதல் கருத்தை ஏற்கிறேன். இரண்டாவதில் கொஞ்சம் தயக்கம். தும்மல்கூட ஜலதோஷத்தை அறிவிக்கிறது, அதற்காக அது சொல்லாகிவிடுமா? தொல்காப்பியர் அசைநிலையை ஒரு வகையாகவும் இசைநிறையை வேறு வகையாகவும் வைத்தார். ஆளைத் தொடும் ‘யூ நோ’வை அசைநிலையின் பக்கமும், நேரத்தை நிரப்பும் ‘அம்’மை இசைநிறையின் பக்கமும் வைத்தால் தெளிவு கிடைக்கும் என்பது என் எளிய யோசனை.

இனி மூவிடப்பெயர். ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள். எது பெய்கிறது? நாம் ‘மழை பெய்கிறது’ என்று எழுவாயோடு சொல்கிறோம். அவர்கள் மழையை வினையாக்கிவிட்டதால் எழுவாய் நாற்காலி காலியாகிவிட்டது. அதை நிரப்ப ‘இட்’ வந்து உட்காருகிறது. சுட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத ‘யூ’வுக்கு இது அண்ணன் முறை.

‘யூ’ என்பதே முதலில் பன்மை. ஒருமைக்குத் ‘தௌ’ இருந்தது. மரியாதைக்காகப் பன்மையை ஒருவருக்கே சொல்லிச் சொல்லி, பொது வழக்கில் ஒருமை மறைந்தது. நாமும் பன்மையான ‘அவர்’ என்பதை மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்லவில்லையா? ஆனால் நாம் ‘நீ’யைக் கைவிடவில்லை. இன்று ஆங்கிலத்தில் வாடகைக்காரனுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே ‘யூ’. நீ, நீங்க என்று தரம் பிரிக்க வழியில்லாத இடத்தில், பணிவையும் நெருக்கத்தையும் இந்தச் சின்ன அசைகளே பெரும்பாலும் சுமக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

‘சம்படி லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா’ என்று என் பேரன் சொன்னபோது, ஒருவனுக்குப் பன்மையா என்று திருத்தப் போனேன். திருத்தம் எனக்குத்தான் ஆயிற்று. ஆணா பெண்ணா தெரியாத ஒருவரை ‘தே’ என்பது பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே உள்ள வழக்கு. இலக்கண ஆசிரியர்கள் ‘ஹீ’ என்றே எழுது என்றார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றமும் 1850-இல், சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று விதித்தது. மக்கள் நாக்கு கேட்கவில்லை. 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் ‘தே’யை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தார்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் தரிசனத்தில், ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் கூற்றின் முன் ‘ஸ்யாத்’ என்ற சிறு சொல்லை வைப்பார்கள். அது சந்தேகம் அல்ல. ‘இந்த நோக்கில் பார்த்தால்’ என்ற வரம்பு. ஆங்கிலேயர் ‘ஐ திங்க்’, ‘சார்ட் ஆஃப்’ என்று சேர்க்கும்போது அந்தத் தத்துவ நுட்பம் இல்லைதான். பல நேரம் வெறும் தயக்கமாகவும் இருக்கும். ஆனால் என் சொல்லே முடிந்த முடிபு அல்ல என்ற அடக்கம் அதில் இருக்கிறது. பேச்சில் கவனம் வேண்டும் என்று பாஷா சமிதியை விரதமாகப் போதிக்கிற மரபில் வந்தவன் நான். அந்த நான்தான் எதிராளியின் அசைச்சொல்லைக் குற்றச்சொல்லாகக் கேட்டேன். சொல்வதில் மட்டுமல்ல, கேட்பதிலும் சமிதி வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

2004-இல் அந்த இங்கிலாந்து விலாசத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். ஆள் அங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இன்றும் கணக்குப் புத்தகங்களோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்குப் போகிறார்கள், நல்லது, போகட்டும். அசைகளை மனப்பாடம் செய்து தெளிக்க வேண்டாம். அது ஒட்டுப்போட்ட துணி போலத் தெரிந்துவிடும். கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் அவற்றுக்கு இடமே இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் ‘யூ’ என்றதும், அது நம்மையா, அவரையா, ஊரையா என்று ஒரு நொடி நின்று கேட்கப் பழகுங்கள். அந்த ஒரு நொடி அன்று எனக்கு வாய்க்கவில்லை.

பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.